ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடவும்

பீல் நகர வேலைவாய்ப்பு அலுவலகம், மூன்றாம் மாடி.
திருமதி நீடெக்கர் திரையைப் பார்த்தபடி கேட்கிறார்:
தொழில்?
நாற்பத்தொரு கட்டங்கள்.
ஒன்றுக்கு மட்டும் புள்ளடி இடலாம்.

ஆடுகிறவள் என்று சொல்லலாம்.
பதினாறு வயதில், லாங்கந்தால் தேவாலய மண்டபத்தில்,
தில்லானாவின் நடுவில் வலது சலங்கை அறுந்தது.
முன்வரிசைப் பிள்ளைகள் மேடையேறி
மணி பொறுக்கினார்கள்.
அன்றைக்குப் பெரிய கைதட்டு அதற்குத்தான்.
அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நடிக்கிறவள்?
ஒரு பருவம் முழுக்க மரமாக நின்றிருக்கிறேன்,
சிறுவர் நாடகம், முப்பத்தெட்டுக் காட்சிகள்.
"இது எந்த நாட்டு மரம்?" என்றது ஒரு குழந்தை.
இயக்குநர் அதை வசனமாகச் சேர்த்துக்கொண்டார்.
மரத்துக்குச் சம்பளம் கூடவில்லை.

பிறகு லொசானில்
உள்ளங்கையில் பனிக்கட்டி ஏந்தி
நாற்பது நிமிடம் அசையாதிருக்கும் நடனம்.
துணிச்சலான அசைவின்மை என்று எழுதியது பத்திரிகை.
"ஆடவே இல்லையே பிள்ளை,
என்னத்துக்குக் காசு தந்தவங்கள்?" என்றா அம்மா.
இரண்டு விமர்சனத்தையும் வைத்திருக்கிறேன்.

ஒளி பிடித்தேன். பொம்மைகளுக்கு முழங்கை தைத்தேன்.
காட்சிப் பொருட்களோடு வான் ஓட்டினேன்,
கொத்தார்ட் சுரங்கத்துக்குள் என் வரிகளைக் கத்தி மனனம் செய்தபடி.
அப்பன்செல்லில் ஒரு மாட்டுக் கொட்டிலில்
பாஞ்சாலியும் நான், துச்சாதனனும் நான்:
ஒரே சேலை,
ஒரு கை இழுக்க
மறு கை விடாது.
பதினொரு பேர் பார்த்தார்கள்.
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
அவர்தான் அழுதார்.

"முழங்கால்?" என்கிறார் திருமதி நீடெக்கர்.
சவ்வு கிழிந்த படம் கோப்பில் இருக்கிறது.
விசைகளைத் தட்டுகிறார், நிறுத்துகிறார்,
முதல்முறை என் முகத்தைப் பார்க்கிறார்.
பேர்ண் மருத்துவ பீடத்தில்
நோயாளியாக நடிக்க ஆள் தேவையாம்.
மணிக்கு முப்பத்திரண்டு பிராங்க்.

பாத்திரம் ஒரு பக்கத்தில் வந்தது.
திருமதி எஸ்., ஐம்பத்திரண்டு வயது, இலங்கை.
டொச் குறைவு. உடம்பெல்லாம் நோவு.
கணவர் இறந்ததைக் கேட்டால் மட்டும் சொல்லவும்.

பதினைந்து வருடமாகத் திருத்திய உச்சரிப்பை
ஒரு கிழமை இருந்து கெடுத்தேன்.
ஒவ்வொரு 'ர'வாக.
கடினமாகத்தான் இருந்தது;
அவ்வளவு கடினமாக இருந்திருக்கக் கூடாது.

ஒரு நாளில் பன்னிரண்டு மாணவர்கள், ஆளுக்கு எட்டு நிமிடம்.
பன்னிரண்டு தடவை அதே நோவை
அதே இடத்திலிருந்து எடுக்க வேண்டும்,
பரீட்சை எல்லோருக்கும் நியாயமாயிருக்க.
ஒன்பதாவது ஆள், பெயர் அட்டையில் ரெத்தோ,
காது சிவந்த பையன்,
இரத்த அழுத்தம் பார்க்க மறந்தான்.
"எங்கே நோகிறது?" என்றான். காட்டினேன்.
என் கை அந்தப் பக்கத்தில் இல்லாத இடத்துக்குப் போனது.
அவன் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.
"இரவில் நித்திரை வருமா?"

அதற்கு எனக்கு வரி எழுதப்பட்டிருக்கவில்லை.
வராது, என்றேன்.
தமிழில்.
தலையாட்டினான், விளங்கினதுபோல.
கண்ணாடிக்குப் பின்னால் மணி அடித்தது.

அவன் தேறவில்லை என்று பிறகு தெரிந்தது.
நோயாளியின் கருத்து என்ற வரியில்
நான் நான்கு வசனம் எழுதியிருந்தேன்.
அது புள்ளிகளில் சேராதாம்.

பேர்ணிலிருந்து கடைசிக்கு முதல் ரயில்.
பீல் நிலையப் படிகளில்
இடது கால் முதலில், பிறகு வலது,
யாருக்கும் காட்டாமல் நொண்டுகிறேன்.
கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல்:
வரும் செவ்வாய் எனக்கு மாரடைப்பு.
ஒத்திகை தேவையில்லையாம்.